வயிறு தேறிய பிறகும் கெண்டைக்கால் ஏன் இழுக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 52. நாள் முழுவதும் நின்றுகொண்டே பாடம் நடத்தும் ஆசிரியை. இரண்டு வாரங்களுக்கு முன்பு வாந்தியும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக நான்கு நாட்கள் படுத்துவிட்டேன். வயிறு சரியாகி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் தொடையும் இடுப்பும் அடித்துப் போட்டதுபோல் வலிக்கின்றன. நடு இரவில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொண்டு அலறி எழ வைக்கிறது. நீர் பிரியும் மருந்து சேர்ந்த இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாமல் போட்டுவருகிறேன். இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பை அறவே குறைத்திருக்கிறேன். உடம்பில் நீர் வற்றிவிடக் கூடாதென்று தினமும் நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். காய்ச்சலின்போது ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அதன் பெயர் நினைவில்லை. இப்போது வலி தாங்காத நாட்களில் ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்கிறேன். மக்னீசியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா? இது எப்போதுதான் சரியாகும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணை முதலில் நிறுத்தியது வலியைப் பற்றிய வரி அல்ல. மாத்திரையையும் உப்பையும் தண்ணீரையும் பற்றி அடுத்தடுத்து எழுதியிருக்கும் மூன்று வரிகள்தான். இந்த மூன்றும் தனித்தனியே பார்த்தால் தவறில்லாதவை, பொறுப்புள்ள ஒருவர் செய்யக்கூடியவை. ஆனால் வயிற்றுப்போக்கு முடிந்த உடம்பில் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்துபோக வழி உண்டு. எனவே நாளையே மருத்துவரிடம் சென்று இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தசை சிதைந்திருக்கிறதா என்று காட்டும் சி.பி.கே. என்ற பரிசோதனையையும் அதே இரத்தத்தில் செய்துவிடலாம். நான் கீழே எழுதப்போகும் மற்றவற்றில் எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கில் வெளியேறுவது வெறும் நீரல்ல. சோடியமும் பொட்டாசியமும் பைகார்பனேட்டும் அதனுடன் கரைந்தே போகின்றன. வாந்தியில் வயிற்றின் அமிலமும் குளோரைடும் போகின்றன. அந்த இழப்பை ஈடுகட்ட முயலும் சிறுநீரகம், தன் பங்குக்குப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. ஆக, வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தவருக்குப் பொட்டாசியம் இரண்டு வழிகளில் கரைகிறது. உங்களுக்கு மூன்றாவது வழியும் திறந்திருந்தது. இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் நீர் பிரியும் மருந்துகளில் பெரும்பாலானவை, அதாவது ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு போன்றவை, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சிறுநீரோடு வெளியேற்றியே வேலை செய்கின்றன. வாந்தி, பேதி இருக்கும் நாட்களில் இவற்றை மருத்துவரின் யோசனையோடு தற்காலிகமாக நிறுத்திவைத்து, சாப்பாடும் தண்ணீரும் வழக்கம்போல் இறங்கத் தொடங்கி ஓரிரு நாள் ஆன பிறகு மீண்டும் தொடங்குவது வழக்கம். மருந்தை எழுதித் தரும்போதே இதைச் சொல்லிவிடுவது எங்கள் கடமை. பல நேரங்களில் நாங்கள் சொல்வதில்லை. மாத்திரையை ஒரு நாளும் விடாத உங்கள் ஒழுங்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் நீங்களாக அதை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, உங்களுக்கு நடந்ததைச் சொல்லி, பரிசோதனை முடிவு வரும்வரை தொடர்வதா நிறுத்துவதா என்று இன்றே கேளுங்கள்.

அடுத்தது அந்த நான்கு லிட்டர் தண்ணீர். உப்பை இழந்த உடம்புக்கு உப்பில்லாத நீரை மட்டும் ஊற்றினால், இரத்தத்தில் எஞ்சியிருக்கும் சோடியம் இன்னும் நீர்த்துப்போகும். ஆழமான, வெக்கையான சுரங்கங்களில் வியர்வை கொட்ட வேலை செய்து, தாகத்துக்கு வெறும் தண்ணீரைக் குடித்த தொழிலாளர்களுக்குக் கை, கால், வயிற்றுத் தசைகள் இழுத்துக்கொள்வது ஒரு காலத்தில் சாதாரணமாக இருந்தது. குடிநீரில் சிறிது உப்பைக் கரைத்துத் தந்தபோது அது தணிந்ததை 1920களிலேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள். நீர் பிரியும் மருந்து சாப்பிடுபவருக்கு இந்த நீர்த்துப்போதல் இன்னும் எளிதாக நேரும். தலைவலி, குமட்டல், மந்தமாக இருப்பது, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதனுடன் சேர்ந்தால் அது அவசர நிலை. ஆகவே பரிசோதனை முடிவு வரும்வரை கணக்கு வைத்துக் குடிப்பதை விட்டுவிட்டுத் தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். தண்ணீர்போல் நிறமற்று இருக்க வேண்டிய அவசியமில்லை.

இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உங்களுக்கு இல்லையென்றால், வெறும் தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதிலாக இரண்டு நாட்களுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலை அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை, வாய் வாயாக நாள் முழுதும் பிரித்துக் குடிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய சூத்திரப்படி ஒரு லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு இருக்கும். குளுக்கோஸ் அதில் சுவைக்காகச் சேர்க்கப்படுவதில்லை. குடலின் உட்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே போகும் ஒரு வாசல் இருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றது அந்த வழியே நுழையாது, இரண்டும் போகும்போது நீரும் அவற்றின் பின்னால் போகும். அதனால்தான் அளவு முக்கியம். பொட்டலத்தில் 'ஒரு லிட்டருக்கு' என்று அச்சிட்டிருந்தால் முழுப் பொட்டலத்தையும் முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பாதிப் பொடியை ஒரு டம்ளரில் கண்ணளவாகப் போட்டுக் கெட்டியாகக் குடிப்பது நன்மை செய்யாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. வீட்டிலேயே ஒரு லிட்டர் நீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிப்பது பேதி நேரத்தில் உயிர் காக்கும் நல்ல மாற்றுதான், ஆனால் அதில் பொட்டாசியம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு நாட்களுக்குப் பிறகு ஓ.ஆர்.எஸ். வேண்டாம். ஒரு லிட்டர் கரைசலில் உள்ள சோடியம் ஏறத்தாழ நான்கு கிராம் சமையல் உப்புக்கு ஈடு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே பரிந்துரைக்கப்படுகிறது. அது ஒரு மருந்து. இரத்த அழுத்தம் உள்ளவர் அதை வழக்கமான பானமாக்கிக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டில் நோய்க்கு முன்பு நீங்கள் சேர்த்துவந்த அளவு உப்பை மட்டும் சேருங்கள்.

வயிறு சரியாகி ஒரு வாரம் கழித்தும் வலி ஏன் என்று நீங்கள் வியப்பது நியாயமானது. குடலின் உட்சுவர் சில நாட்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. தசையின் கணக்கு அப்படி உடனே தீர்வதில்லை. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் செல்களுக்குள், அதிலும் பெரும்பகுதி தசைக்குள் இருக்கிறது. இரத்தத்தில் நாம் அளந்து பார்ப்பது மிகச் சிறிய பகுதி. மக்னீசியத்தில் இரத்த நீரில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே இரத்தப் பரிசோதனை இயல்பாக வந்த பிறகும் தசைக்குள் இருப்பு நிறையச் சில நாட்கள் பிடிக்கலாம். மக்னீசியம் குறைவாக இருக்கும்வரை, எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் சிறுநீரகம் அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.

இதுபோக, அந்த நான்கு நாட்கள் நீங்கள் ஏறக்குறையப் பட்டினி கிடந்திருக்கிறீர்கள். கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. அதன் பிறகு உடம்பு தசையிலுள்ள புரதத்தைச் சிறிது சிறிதாக உடைத்துத்தான் மூளைக்கு வேண்டிய சர்க்கரையைத் தயாரிக்கிறது. கிருமியை எதிர்க்க உடம்பே சுரந்த வேதிப்பொருட்களும் தசைவலியை உண்டாக்குபவைதான்; காய்ச்சல் விட்டாலும் அவற்றின் தாக்கம் சிலருக்குச் சில நாட்கள் இழுக்கும். திரும்பத் திரும்ப ஓங்கரித்து வாந்தி எடுத்தவரின் வயிறு, விலா, முதுகுத் தசைகள், பழக்கமில்லாத உடற்பயிற்சியை ஒரே நாளில் செய்தவரின் தசைகளைப் போலவே நொந்திருக்கும். இருமும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் அங்கே சுரீரென்று வலிப்பது பெரும்பாலும் அதனால்தான். இவையெல்லாம் தாமாகத் தணியக்கூடியவை. வலி நாளுக்கு நாள் ஒரு படியாவது இறங்கிவருகிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

இனி இரவில் வரும் இழுப்பு. நாம் படுத்திருக்கும்போது பாதம் தானாகவே கீழ்நோக்கிச் சாய்ந்து கெண்டைக்கால் சதை சுருங்கிய நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் அதற்குச் செல்லும் நரம்பு சற்றே கூடுதலாகத் துடித்தாலும் சதை கல்லைப்போல் திரண்டு நின்றுவிடும். அப்போது பலரும் செய்வது, பதறிப்போய்ச் சதையை இரண்டு கைகளாலும் பிசைவது. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எழுந்து உட்கார்ந்து, முழங்காலை நேராக நீட்டி, கால் விரல்களின் அடிப்பகுதியைக் கையால் பற்றி, பாதத்தை உங்கள் முகத்தை நோக்கி மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். முதல் சில நொடிகள் வலி கூடும். விடாமல் அப்படியே பிடித்திருந்தால் கட்டி நின்ற சதை விரல்களுக்கடியில் இளகுவது உங்களுக்கே தெரியும். கை எட்டவில்லையென்றால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம், அல்லது கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்கலாம். இழுப்பு விட்ட பிறகு மெல்ல நீவிவிடுவதும் பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுப்பதும் மிச்ச வலிக்கு இதமாக இருக்கும்.

இழுப்பு வராமல் தடுக்க, படுக்கப் போகும் முன் சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்காலில் இழுவிசை தெரியும் இடத்தில் இருபது முப்பது நொடிகள் நின்று, மூன்று முறை செய்யுங்கள். போர்வையைப் பாதத்தின் மேல் இறுக்கிச் செருகாதீர்கள். அது பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தும்.

மக்னீசியம் மாத்திரையைப் பற்றி நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள். பரிசோதனையில் மக்னீசியம் குறைவாக இருந்தால் அது நல்ல மருந்து; மருத்துவர் அளவு சொல்லித் தருவார். குறைவு இல்லாதவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களின் இரவுநேரக் கெண்டைக்கால் இழுப்புக்கு, அதனால் குறிப்பிடத்தக்க பயன் இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டவில்லை. மேலும் மக்னீசியம் உப்புகள் மலத்தை இளக்குபவை. இப்போதுதான் அடங்கிய வயிற்றை அவை மறுபடி கிளப்பிவிட்டால், தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். பொட்டாசியம் மருந்தைத் தாமாக வாங்கிக் குடிப்பது இதைவிட ஆபத்தானது. அது கூடினாலும் குறைந்தாலும் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் அதை உடம்பில் தேக்கியும் வைக்கும். கால் இழுப்புக்குக் குயினைன் நல்லது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் அது பாதிக்கக்கூடும் என்பதால் இந்தத் தேவைக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறோம்.

ஐபுப்ரோஃபெனை இன்றோடு நிறுத்துங்கள். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தை இந்த வகை வலி மாத்திரைகள் குறைக்கின்றன. டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் ஆகியவையும் இதே வகைதான். நீர் பிரியும் மருந்தும் சேரும்போது சிறுநீரகத்தின் மேல் விழும் சுமை இன்னும் கூடுகிறது. வலி பொறுக்க முடியாத நேரத்தில் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் போடலாம், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. கல்லீரல் நோய் உள்ளவர்களும், உடல் எடை மிகக் குறைந்தவர்களும் அதையும் மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் உடம்பின் இருப்பை நிரப்பும் வேலையை மாத்திரையைவிடச் சாப்பாடே நன்றாகச் செய்கிறது. வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, தக்காளி, பருப்பு, கீரை, தயிர் ஆகியவற்றில் பொட்டாசியம் கிடைக்கும். பருப்பு, கொட்டை வகைகள், கீரை மக்னீசியத்தையும் தரும். ஒவ்வொரு வேளையிலும் முட்டை, பருப்பு, மீன், கோழி, தயிர் என்று ஏதேனும் ஒரு புரதம் இருக்கட்டும். கரைந்த தசை அதைக் கொண்டுதான் திரும்பக் கட்டப்படும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாவிட்டால் ஐந்து வேளையாகப் பிரியுங்கள். வயிற்றுப்போக்குக்குப் பிறகு பால் சிலருக்குச் சில வாரங்கள் வயிற்றை உப்பச் செய்யும். அப்படியானால் அதுவரை தயிரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் பெயர் மறந்துவிட்ட அந்த ஆன்டிபயாடிக். வயிற்றுத் தொற்றுக்கு அடிக்கடி எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் ஆகியவை தசைநார்களை, குறிப்பாகக் கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த நாரை, வீங்கச் செய்யவும் அரிதாக அறுந்துபோகச் செய்யவும் கூடும். இது மருந்து சாப்பிடும் நாட்களிலும் வரலாம், நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் வரலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் வலி சதையில் இல்லாமல் குதிகாலுக்கு மேலே, விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு நாரில் இருந்தால், நான் மேலே சொன்ன சுவர்ப் பயிற்சியைச் செய்யாமல் காலுக்கு ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய மருந்துச்சீட்டையோ காலி அட்டையையோ தேடி எடுத்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அதுவும் தசைவலி தரக்கூடியது.

வலியையும் பலவீனத்தையும் பிரித்துப் பார்க்க நீங்கள் பழக வேண்டும். வயிற்றுப்போக்குக்குப் பின் கால்வலி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் என்னிடம் வந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது அவரால் இடத்தைக் காட்ட முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, மேசையைப் பிடித்துத்தான் எழுந்தார். அவருக்கு இருந்தது வலி அல்ல, பலவீனம்; பொட்டாசியம் மிகவும் இறங்கியிருந்தது. இதை நீங்களும் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பிறகு சுவரை லேசாகத் தொட்டபடி நுனிக்காலில் சில அடிகளும் குதிகாலில் சில அடிகளும் நடந்து பாருங்கள். வலித்தாலும் செய்ய முடிகிறதென்றால் பொறுத்துப் பார்க்கலாம். வலி இல்லாவிட்டாலும் செய்ய முடியவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்றுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குப் பிறகு, அரிதாகச் சிலருக்குக் குயில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வருகிறது. பாதத்தில் மதமதப்போடு தொடங்கி, இரண்டு கால்களிலும் பலம் குறைந்து, அது மேல்நோக்கி ஏறும். மூச்சுத் தசைகள் வரை போகக்கூடியது என்பதால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

சிறுநீர் தேநீர் டிகாக்ஷன் நிறத்தில் போவது, நெஞ்சு படபடத்து மயக்கம் வருவது, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பது, மறுபடி காய்ச்சல் வந்து கண்ணோ தோலோ மஞ்சளாவது ஆகியவையும் இதே அவசரத்தைச் சேர்ந்தவை. வலி தசையில் இல்லாமல் முழங்கால், கணுக்கால், குதிகால் போன்ற மூட்டுகளில் வீக்கத்தோடு இருந்து, கண் சிவப்போ சிறுநீர் எரிச்சலோ சேர்ந்தால், குடல் தொற்றின் எதிர்வினையாக வரும் மூட்டழற்சியாக இருக்கலாம். அதற்கு அவசரமில்லை, அந்த வாரத்துக்குள் காட்டினால் போதும்.

எப்போது சரியாகும் என்று கேட்டீர்கள். தாது உப்புகளின் குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால் இரவு இழுப்பு பெரும்பாலும் சில நாட்களில் தணியத் தொடங்கும். தொடை, இடுப்பு வலியும் அசதியும் இன்னும் ஓரிரு வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை முழு ஓய்வும் வேண்டாம், பழைய வேகமும் வேண்டாம். சமதளத்தில் பத்து நிமிட நடை, காலையும் மாலையும். மறுநாள் வலி கூடவில்லையென்றால் இரண்டு மூன்று நிமிடங்கள் கூட்டுங்கள், கூடினால் ஒரு நாள் அதே அளவில் நில்லுங்கள். வகுப்பில் நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, பாடத்தின் பாதியையாவது உட்கார்ந்து நடத்துங்கள். நிற்கும் நேரத்தில் ஒரே இடத்தில் நிற்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குதிகாலை ஏற்றி இறக்குங்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும், நீர் பிரியும் மருந்தை அதே அளவில் தொடர்வதா, வேறு வகைக்கு மாற்றுவதா, மறுபடி எப்போது பொட்டாசியத்தைப் பார்ப்பது என்ற மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் செல்லுங்கள்.